குடித்து ஓட்டிய வழக்கு: ஊதச் சொன்ன நிமிடம் முதல் தீர்ப்பு வரை

தமிழ்நாட்டில் மது அருந்தி வாகனம் ஓட்டியதாகப் பிடிபடுவோரில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது ஒரே ஓர் எண்தான்: 10,000 ரூபாய். அதைக் கட்டினால் வண்டி கைக்கு வரும், விவகாரம் தீர்ந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் இது ஹெல்மெட் அணியாததற்கோ சிக்னலைத் தாண்டியதற்கோ விதிக்கப்படும் அபராதத்தின் வகையைச் சேர்ந்ததன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி இது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அபராதத் தொகையைப் பெற்றுக்கொண்டு அதிகாரியே முடித்து வைக்கக்கூடிய குற்றங்களைப் பட்டியலிடும் 200-ஆவது பிரிவில் 185 இடம்பெறவில்லை. ஆகவே சாலையோரத்தில் உங்கள் கையில் தரப்படும் சலான், பேச்சு வழக்கில் ‘டி.டி. கேஸ்’ (ட்ரங்க் அண்ட் டிரைவ்) எனப்படும் ஒரு குற்ற வழக்கின் தொடக்கமே. அதன்பின் நீங்கள் கட்டும் பணம், குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக நீதிமன்றம் விதிக்கும் தண்டனை.

இந்த வழக்குகளின் முடிவு பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே, கருவியின் அச்சுச் சீட்டாலும் கடிகாரத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது. பல மாதங்களுக்குப் பிறகு வழக்கறிஞர் எவ்வளவு திறமையாக வாதாடினாலும், அந்த இரண்டு மணி நேரத்தில் எழுதப்பட்டதையும் எழுதப்படாமல் விடப்பட்டதையும் வைத்துத்தான் வாதாட முடியும். அதனால் இந்த வழிகாட்டி அந்த நேரத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

சட்டம் அளப்பது எதை?

185-ஆவது பிரிவு மதுவைப் பொறுத்தவரை ஒரே ஓர் அளவைத்தான் வைக்கிறது: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால். இது மூச்சுச் சோதனைக் கருவியின் மூலமாகவோ, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு ஆய்வகச் சோதனை உள்ளிட்ட வேறு சோதனையின் மூலமாகவோ கண்டறியப்பட்டிருக்க வேண்டும். போதைப்பொருள் என்றால் வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுநர் இருந்தாரா என்று அதே பிரிவு கேட்கிறது. மதுவுக்கு அந்தக் கேள்வி இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால் இரு தரப்பிலும் வீண் வாதங்கள் எழுகின்றன.

‘நான் நிதானமாகத்தான் ஓட்டினேன், எவர் மீதும் மோதவில்லை’ என்பது 30-ஐத் தாண்டிய அளவு நிரூபிக்கப்பட்ட வழக்கில் எதிர்வாதமே ஆகாது. அரசு மருத்துவமனையில் மருத்துவர் எழுதும் சான்றில் ‘மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் தாக்கத்தில் இல்லை’ என்ற வாசகம் இருப்பதாலேயே விடுதலை கிடைத்துவிடாது. மறுபுறம், ‘மூச்சில் மது வாடை வீசியது, கண்கள் சிவந்திருந்தன, தள்ளாடினார்’ என்று காவல் அதிகாரி எவ்வளவு விரிவாக எழுதியிருந்தாலும், அளவு இல்லையென்றால் 185-இன் அடிப்படைக் கூறே இல்லாமல் போகிறது. வாடை, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்து உறுதியான முடிவுக்கு வர இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 1971-லேயே பச்சுபாய் ஹசனல்லி கரியானி வழக்கில் எடுத்துரைத்துள்ளது.

தண்டனை, முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இரண்டாவது மற்றும் அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். இங்கே இரண்டு நுணுக்கங்கள் உள்ளன. முன்பு ‘2,000 ரூபாய் வரை’ என்றிருந்த சொற்கள் 2019 திருத்தத்தில் ‘10,000 ரூபாய்’ என மாறின; ‘வரை’ என்ற சொல் போய்விட்டதால், வறுமையைச் சொல்லிக் கேட்டாலும் தொகையைக் குறைக்க நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) இடமில்லை. அடுத்தது இன்னும் முக்கியமானது. முந்தைய குற்றத்திலிருந்து 3 ஆண்டுகளுக்குள் நடந்தால்தான் இரண்டாவது குற்றமாகக் கருதப்படும் என்ற வரம்பையும் அதே திருத்தம் நீக்கிவிட்டது. இன்று ஒப்புக்கொள்ளும் ஒரு வழக்கு பத்து ஆண்டுகள் கழித்தும் ‘முந்தைய குற்றம்’ என எடுத்துவைக்கப்படலாம்.

பின்னால் அமர்ந்திருப்பவரும் கவனிக்க வேண்டும். 185-ஆவது பிரிவின் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டு என்கிறது 188-ஆவது பிரிவு. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை இப்பிரிவின் கீழ் உடன் பயணிப்போர் மீதும் நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. குடித்தவர் ஓட்டுகிறார் என்று தெரிந்து அவரை ஊக்குவித்ததற்கோ வண்டியைக் கொடுத்ததற்கோ சான்று வேண்டும். வெறுமனே உட்கார்ந்திருந்தது உடந்தையாகுமா என்பது வாதத்துக்குரிய கேள்வி. அது அந்தப் பயணியின் தனி வழக்கு, தனி வழக்கறிஞர் இருப்பது நல்லது.

ஊதச் சொல்லும்போது

சீருடை அணிந்த காவல் அதிகாரியோ போக்குவரத்துத் துறை அதிகாரியோ, பொது இடத்தில் ஓட்டும் அல்லது ஓட்ட முயலும் ஒருவர் குடித்திருப்பதாக ஐயுறுவதற்கு நியாயமான காரணம் இருந்தால், மூச்சுச் சோதனைக்கு உட்படுமாறு கேட்கலாம் என்கிறது 203-ஆவது பிரிவு. ‘நான் ஊத மாட்டேன்’ என்று மறுப்பது ஒரு தந்திரம் என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மோசமான அறிவுரை. மறுப்பவரை, அவர் குடித்திருப்பதாக ஐயுறக் காரணம் இருந்தால், பிடியாணை இன்றிக் கைது செய்யலாம்; காவல் நிலையத்தில் ரத்த மாதிரி கேட்கலாம்; தக்க காரணம் காட்டப்படாத மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று 205-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆஸ்துமா போன்ற நோயால் ஊத இயலவில்லை என்றால், அதை அங்கேயே சொல்லி, எழுதிக்கொள்ளுமாறு கேட்டு, ரத்தச் சோதனைக்குத் தயார் என்று கூறுவதுதான் தக்க காரணத்தைப் பதிவாக்கும் வழி.

ஊதுவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். உங்களுக்குக் கொடுக்கப்படும் ஊதுகுழல் புதியதா. கருவி உங்கள் மூச்சை வாங்குவதற்கு முன் சுற்றுக் காற்றைச் சோதித்துச் சுழியத்தைக் காட்டியதா. சோதனைக்கு முந்தைய கால் மணி நேரத்தில் நீங்கள் வாய் கொப்பளிக்கும் மருந்தோ, ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தோ பயன்படுத்தினீர்களா. கருவி நுரையீரலின் அடியாழக் காற்றை அளப்பதாகக் கருதி, மூச்சில் உள்ள ஆல்கஹாலைப் பொதுவாக 2,100 மடங்கு பெருக்கி ரத்த அளவாகக் காட்டுகிறது. எனவே வாயில் எஞ்சியிருக்கும் துளி ஆல்கஹால்கூட எண்ணைப் பெரிதாக ஊதிக் காட்டிவிடும். அப்படி ஏதேனும் இருந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்குமாறு கேளுங்கள்; சட்டமே ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு மாதிரிகள்’ என்றுதான் சொல்கிறது. சுற்றுக் காற்றுச் சோதனையில் சுழியம் வராத கருவியின் முடிவை ஏற்க இயலாது என்று கேரள உயர் நீதிமன்றம் அண்மையில் கூறியிருப்பது தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வாதத்துக்கு வலுவான துணை.

பிறகு அச்சுச் சீட்டு. அதில் தேதி, நேரம், கருவியின் வரிசை எண், அளவு, உங்கள் பெயர், வாகன எண், அதிகாரியின் கையொப்பம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நகல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் கைப்பேசியில் படமெடுக்க அனுமதி கேளுங்கள். எழுதப்படாத தாளில் கையெழுத்திடாதீர்கள். ‘இரண்டு பீர்தான் சார்’ என்ற சமாதானப் பேச்சையும் தவிர்த்துவிடுங்கள்; காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற விதி இருந்தாலும், அந்தப் பேச்சு அறிக்கையின் போக்கையும் அதிகாரியின் நினைவையும் உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும். வாக்குவாதமும் தள்ளுமுள்ளும் அதைவிட மோசம்: அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகச் சேர்க்கப்படும் பிரிவு, மூல வழக்கைவிடப் பெரிய தலைவலி ஆகிவிடும்.

வண்டியை என்ன செய்வார்கள்? உடன் வந்தவரோ, அழைத்தால் வரக்கூடியவரோ குடிக்காதவராகவும் உரிமம் உள்ளவராகவும் இருந்தால் அவரிடம் ஒப்படைக்குமாறு கேளுங்கள். தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் இதே வழிமுறையைத்தான் காவல் துறைக்கு வகுத்துத் தந்தது. குடித்து ஓட்டியது என்ற காரணத்துக்காக மட்டும் வாகனத்தை நெடுநாள் வைத்திருப்பதற்கு 207-ஆவது பிரிவு இடம் தரவில்லை. அது பதிவு, உரிமம், பெர்மிட் போன்ற குறைபாடுகளுக்கானது.

கைது, இரண்டு மணி நேரம், ஜாமீன்

202-ஆவது பிரிவின்படி கைது செய்யப்பட்டவரை, கைதான 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். இந்த விதியைப் பற்றி மிகையான நம்பிக்கை உலவுகிறது. 2 மணி நேரம் கடந்தால் வழக்கே விழுந்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. காவலில் வைக்கும் அதிகாரம்தான் போகிறது. ஆனாலும் தாமதம் ரத்த அளவின் நம்பகத்தன்மையைப் பாதிக்கும். குடித்து முடித்த சிறிது நேரத்துக்கு ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும், உச்சத்தைத் தொட்டபின் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் இறங்கும். மூன்று மணி நேரம் கழித்து எடுத்த மாதிரி, ஓட்டிய நேரத்து நிலையை அப்படியே காட்டாது. இந்த வாதம் இரு பக்கமும் வெட்டும் என்பதை மறக்க வேண்டாம்: இறங்கிய பிறகும் 60 இருந்தது என்றால், ஓட்டும்போது அதைவிட அதிகம் இருந்திருக்கும் என்று அரசு வழக்கறிஞர் சொல்வார். கைதே செய்யாமல் சலானை மட்டும் கொடுத்து அனுப்பினால் இந்த 2 மணி நேர விதி பொருந்தாது.

கைதாகும் நேரத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியே பிறகு நேரச் சான்றாகும். கைதுக்கான காரணத்தையும், ஜாமீன் பெறும் உரிமையையும் சொல்வதும், நீங்கள் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பதும் காவல் துறையின் கடமை. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478-ஆவது பிரிவின்படி, பிணை தரத் தயாராக இருப்பவரைக் காவல் நிலையத்திலேயே விட வேண்டும். கைதானவரைச் சோதித்த மருத்துவ அறிக்கையின் நகலைப் பெறவும் அதே சட்டத்தின் 53-ஆவது பிரிவு உரிமை தருகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள், காவலில் இருப்பவர்கள், பெண்கள் ஆகியோர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம்.

ரத்தம் எடுக்கும்போது தோலைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தப்பட்டதா, குப்பியில் ரத்தம் கெடாமல் காக்கும் மருந்து சேர்க்கப்பட்டதா, உங்கள் எதிரிலேயே முத்திரை வைக்கப்பட்டதா என்று கவனியுங்கள். பெண்ணிடமிருந்து ஆண் மருத்துவர் ரத்தம் எடுப்பதாக இருந்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 204-ஆவது பிரிவின் கட்டளை. இவை அற்பமான விவரங்கள் அல்ல. 2002-இல் மும்பை பாந்த்ராவில் நடந்த விபத்து வழக்கில் நடிகர் சல்மான் கானை 2015 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, ரத்த மாதிரி எடுத்தது முதல் ஆய்வகம் சேர்ந்தது வரையிலான சங்கிலியில் எழுந்த ஐயங்களும் காரணங்களில் ஒன்றாக இருந்தன.

ஒப்புக்கொள்வதா, எதிர்த்து வழக்காடுவதா?

நீதிமன்றத்தில் பெயர் அழைக்கப்பட்டதும் நடுவர் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். கூட்டம் நிறைந்த அறையில், வேலைக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில், ‘ஆமாம் ஐயா’ என்ற இரண்டு சொற்களில் பலருடைய வழக்கு முடிந்துவிடுகிறது. அதன் விளைவுகளை அந்த நொடியில் எவரும் விளக்குவதில்லை. 185-இன் கீழ்த் தண்டிக்கும் நீதிமன்றம், 20(2)-ஆவது பிரிவின்படி, குறைந்தது 6 மாதத்துக்கு வாகனம் ஓட்டத் தகுதிநீக்கம் செய்து ஆணையிட வேண்டும். ஒப்புக்கொண்டவர் பிறகு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் மட்டுமே கேள்வி கேட்க முடியும். அரசு வேலை, பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா விண்ணப்பங்களில் குற்றத் தண்டனை பற்றிய கேள்விக்கு இனி ‘இல்லை’ என எழுத முடியாது.

இதனால் எல்லோரும் எதிர்த்து வழக்காட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அச்சுச் சீட்டில் 140 இருக்கிறது, நேரமும் கையொப்பமும் சரியாக இருக்கின்றன, முந்தைய வழக்கு ஏதுமில்லை என்றால், ஒப்புக்கொண்டு சிறையைத் தவிர்ப்பதே விவேகமாக இருக்கலாம். அளவு 32, 35 என விளிம்பில் இருக்கும்போதும், ஆவணங்களில் ஓட்டை இருக்கும்போதும், ஓட்டுவதே பிழைப்பாக இருப்பவருக்கும் கணக்கு மாறுகிறது. முடிவெடுக்கும் முன் ஒரு வாய்தா கேட்டு, அறிக்கை, அச்சுச் சீட்டு, மருத்துவச் சான்று ஆகியவற்றின் நகல்களை வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முதல் முறை குற்றவாளிக்கு 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் எச்சரித்து விடுமாறும் கேட்கலாம். குடித்து ஓட்டிய வழக்குகளில் நீதிமன்றங்கள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை.

வழக்காடுவது என்று முடிவானால், உண்மையிலேயே பயன் தரும் கேள்விகள் சிலவே. கருவி மத்திய அரசு அறிவிக்கை மூலம் அங்கீகரித்த வகையைச் சேர்ந்ததா. கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் (கேலிபரேஷன்) செய்யப்பட்டது, அதன் சான்று எங்கே. அச்சுச் சீட்டின் நேரமும் அறிக்கையின் நேரமும் பொருந்துகின்றனவா. சோதித்தவர் சாட்சிக் கூண்டில் ஏறினாரா. வண்டியை ஓட்டியவர் அல்லது ஓட்ட முயன்றவர் நீங்கள்தானா என்பதும் அரசு நிரூபிக்க வேண்டிய ஒன்று. டாஸ்மாக் கடைக்கு வெளியே நிறுத்திய காரில் சாவியின்றித் தூங்கியவரை ஓட்ட முயன்றவராகக் கருத இயலாது. இதற்குக் கண்காணிப்புக் கேமராப் பதிவே நல்ல சான்று. பல இடங்களில் அப்பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால், பாதுகாத்து வைக்கக் கோரும் மனுவை உடனே போட வேண்டும். காலவரம்பும் இருக்கிறது: ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தை, நடந்து ஓராண்டுக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க இயலாது. முதல் குற்றமாகப் பதிவான பழைய சலானுக்குத் திடீரென அழைப்பு வந்தால், வழக்கு எந்தத் தேதியில் கோப்புக்கு எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

எடுபடாத வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோன் கருவியை ஏமாற்றியது என்பது, மின்வேதிக் கலன் கொண்ட இன்றைய கருவிகளிடம் பெரும்பாலும் செல்லாது. ‘நேற்று இரவு குடித்தது’ என்பது விடுவிக்கும் காரணம் அன்று. காலையில் 30-ஐத் தாண்டினால் அதுவும் குற்றமே.

உரிமம்

நீதிமன்ற வழக்குக்கு இணையாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இன்னொரு நடவடிக்கை ஓடும். 206(4)-ஆவது பிரிவின்படி காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி அங்கே அனுப்ப வேண்டும். அவர் தரும் ஒப்புகைச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது என்பதைப் பலர் அறிவதில்லை. உரிமம் வழங்கும் அதிகாரி முதல் குற்றத்துக்கு 3 மாதத் தகுதிநீக்கமும், மறுபடி நடந்தால் உரிம ரத்தும் செய்யலாம். ஆனால் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும், காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். எனவே அங்கிருந்து வரும் நோட்டீஸைப் புறக்கணிக்காமல், வழக்கு நிலுவையில் இருப்பதையும் ஆவணக் குறைகளையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வ விளக்கம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஆணை கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

விபத்து நடந்திருந்தால்

இதுவரை சொன்னவை ஒருவர் மீதும் மோதாத வழக்குகளுக்கானவை. எவரேனும் காயமடைந்திருந்தால், முதல் வேலை அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் காவல் துறைக்குத் தெரிவிப்பதும். 134-ஆவது பிரிவு அதைக் கடமையாக்குகிறது, தப்பியோடுவது தனிக் குற்றம். மரணம் நேர்ந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆவது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை. குடித்து ஓட்டினால் உயிர் போகலாம் என்று அறிந்தே ஓட்டினார் என நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகி 10 ஆண்டு வரை போகும். 2006-இல் பாந்த்ரா கார்ட்டர் சாலையில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் 7 பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் இந்த வகைத் தண்டனையைத்தான் உறுதி செய்தது. இத்தகைய வழக்கில் தொடக்கத்திலிருந்தே அனுபவமுள்ள குற்றவியல் வழக்கறிஞர் இன்றி எந்த வாக்குமூலமும் கொடுக்க வேண்டாம்.

காப்பீடு வேறு கணக்கில் நடக்கும். 185-இன் கீழ் வழக்கே பதிவாகவில்லை, மூச்சுச் சோதனையே நடக்கவில்லை என்றாலும், ஓட்டுநர் மதுவின் தாக்கத்தில் இருந்ததை வேறு சான்றுகளால் காட்டி, சொந்த வாகனச் சேதத்துக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம் என்று இஃப்கோ டோக்கியோ – பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் கேட்கும் விவரங்களையும், க்ளெய்ம் படிவத்தில் எழுதும் ஒவ்வொரு வரியையும், குற்ற வழக்கை நடத்தும் அதே வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கொடுங்கள்.